கேசிசான்: கெர்னல் நெட்வொர்க் கோடில் ரேஸ் தேடும் கருவி, என் மதிப்பீடு

லினக்ஸ் கெர்னலுக்குள் நெட்வொர்க் கோடு எழுதுகிறவர் யாராவது ஒரே ஒரு பிழைதேடும் கருவி சொல்லுங்கள் என்று கேட்டால், நான் கேசிசானைத்தான் சொல்வேன். கெர்னல் கன்கரன்சி சானிட்டைசர் (KCSAN) என்பது முழுப் பெயர். ஒன்றையொன்று அறியாமல் இருவர் ஒரே மெமரி இடத்தை ஒரே நேரத்தில் தொட்டு, ஒருவராவது எழுதினால் வரும் மோதலை, அதாவது டேட்டா ரேஸை, தேடுவது இதன் வேலை. கூகுளில் உருவானது; 2020-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. தனியாக எதையும் இறக்க வேண்டாம், உரிமம் வாங்க வேண்டாம். கெர்னலைக் கட்டும்போது ஒரு ஆப்ஷனை இயக்கினால் போதும்.

பரிந்துரையோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. இந்தக் கருவி ஒரு இடத்தைக் காட்டும். அந்த இடத்தில் புகார் வராமல் செய்வது ஒரு வேலை, பிழையைச் சரிசெய்வது வேறு வேலை. முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததாக நினைக்கும் பேட்ச்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் வேலை டனல் இணைப்புகளைக் கையாளும் ஒரு கெர்னல் மாட்யூலைப் பராமரிப்பது. இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்ட்ரக்சர்: நிலை, எதிர்முனையின் பாயின்டர், அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட்டுகளின் வரிசை, எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு டைமர். இந்த ஒரே ஸ்ட்ரக்சரை மூன்று திசையிலிருந்து தொடுவார்கள். பயனர் நிரல் சிஸ்டம் கால் வழியாக வரும். நெட்வொர்க் கார்டில் வந்த பாக்கெட் சாஃப்ட்-ஐஆர்க்யூ (இன்டரப்டுக்குப் பின் கெர்னல் ஓட்டும், தள்ளிவைத்த வேலை) வழியாக வரும். டைமர் தன் பாட்டுக்கு வரும். மூன்றும் வெவ்வேறு சிபியுவில் ஒரே நேரத்தில் ஓடலாம். அதிலும் இணைப்பை மூடும் நேரம்தான் மோசமானது. ஒருவர் உடைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே இணைப்பைத் தேடி வருவார்.

இந்த மாதிரிப் பிழைகளுக்கு ஏற்கெனவே கருவிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. லாக்டெப் 2006-லிருந்து இருக்கிறது. லாக்குகளை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டுகளை) எந்த வரிசையில் எடுக்கிறோம், ஒருவருக்காக ஒருவர் காத்து எல்லாரும் நின்றுவிடும் டெட்லாக் வர வாய்ப்பு உண்டா என்று பார்க்கும். ஆனால் லாக்கே எடுக்காமல் ஒரு ஃபீல்டைத் தொட்டால் அதற்குத் தெரியாது. மெமரிப் பிழை தேடும் கேசான் (KASAN), விடுவித்த மெமரியைத் தொட்டால் அந்த நொடியில் பிடித்துக்கொடுக்கும். ஆனால் அது விளைவைக் காட்டுகிறதே தவிர, எந்த இரண்டு பேர் மோதியதால் அந்த விளைவு வந்தது என்பதைக் காட்டாது. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் கேசிசான்.

அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கம்பைலர் ஒவ்வொரு மெமரி அணுகலுக்கு முன்னாலும் ஒரு சின்ன அழைப்பைச் செருகிவிடும். பெரும்பாலான நேரம் அந்த அழைப்பு ஒன்றே ஒன்றுதான் பார்க்கும்: இந்த முகவரியை யாராவது கண்காணித்துக்கொண்டிருக்கிறார்களா? இல்லையென்றால் உடனே திரும்பிவிடும். ஏறத்தாழ 4000 அணுகலுக்கு ஒருமுறை மட்டும், இது தானே ஒரு முகவரியில் காவல் வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். சாதாரண டாஸ்க் என்றால் 80 மைக்ரோ செகண்ட், இன்டரப்ட் சூழல் என்றால் 20 மைக்ரோ செகண்ட். அந்த நேரத்துக்குள் வேறொரு சிபியு அதே இடத்தைத் தொட்டால், இரண்டில் ஒன்றாவது எழுதுதலாக இருந்து, இரண்டில் ஒன்றாவது குறியிடாத (ரீட்_ஒன்ஸ்() போன்ற மேக்ரோ போடாத) சாதாரண அணுகலாக இருந்தால், பிடித்துக்கொள்ளும்.

இப்படி நிற்பதால் கிடைக்கும் பெரிய பலன், ஊகமே இல்லை என்பது. "இங்கே மோதல் வரக்கூடும்" என்று கணக்குப் போட்டுச் சொல்கிற கருவி அல்ல இது. புகார் வந்திருக்கிறது என்றால் இரண்டு சிபியுக்கள் உண்மையாகவே அந்த நொடியில் ஒரே இடத்தில் இருந்தன. அந்த மோதல் ஆபத்தானதா இல்லையா என்று வாதாடலாம். நடக்கவே இல்லை என்று வாதாட முடியாது. குழுவில் பேட்ச் பற்றிப் பேசும்போது இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

விலை என்ன? மெமரி சில எம்பி மட்டும். வேகம்தான் அடி வாங்கும். கெர்னல் ஆவணத்திலேயே கணக்கு இருக்கிறது: 8 சிபியு உள்ள இயந்திரத்தில் கெர்னல் பூட் ஆக இயல்பு அமைப்பில் 5 மடங்கு நேரம் ஆகிறது, காவல் வைப்பதை ஏறத்தாழ நிறுத்தி, செருகிய அழைப்புகளின் சுமையை மட்டும் பார்த்தால் 2.8 மடங்கு. சோதனை இயந்திரத்தில் இது தாங்கக்கூடியதுதான். கம்பைலர் கிளாங் 11 அல்லது ஜிசிசி 11, அதற்கு மேலே எதுவானாலும் சரி.

எனக்கு வருத்தம் தருவது வேறு விஷயம்: கேசானையும் கேசிசானையும் ஒரே கெர்னலில் இயக்க முடியாது. இணைப்பை மூடும் பிழைகளில் மோதலும் விடுவித்த மெமரியும் கைகோத்துக்கொண்டுதான் வரும். அதற்கு இரண்டு கெர்னல் கட்டி, ஒரே சோதனையை இரண்டிலும் ஓட்டி, இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இப்போது ஒரு புகாரைக் கிட்டத்திலிருந்து பார்ப்போம். எங்கள் மாட்யூலில் வெகு நாளாக ஒரு கிராஷ் இருந்தது. சுமை அதிகமாகி, எதிர்முனைகள் பதில் சொல்லத் தாமதிக்கும்போது, எப்போதோ ஒருமுறை பாக்கெட் வாங்கும் பாதையில் நல் (NULL, எதையும் சுட்டாத) பாயின்டரைத் தொட்டு இயந்திரம் விழும். எங்கள் ஆய்வகத்தில் அது ஒருபோதும் விழவில்லை. கோடைப் படித்தால் குற்றம் சொல்ல எதுவும் தெரியாது: எதிர்முனை பாயின்டர் NULL ஆக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி அதைப் பயன்படுத்துகிறது.

கேசிசான் கெர்னலில் அதே சுமையைக் கொடுத்தபோது புகார் வந்தது. முதல் வரியில் டேட்டா ரேஸ் என்ற அறிவிப்பும், மோதிய இரண்டு ஃபங்ஷன்களின் பெயர்களும். அடுத்த பகுதி எழுதியவருடையது: இன்ன முகவரியில் 8 பைட் எழுதப்பட்டது, இன்டரப்ட் சூழலில், இன்ன சிபியுவில்; அதன் கீழே டைமர் சாஃப்ட்-ஐஆர்க்யூவில் தொடங்கி எங்கள் 'கெடு முடிந்தது' ஃபங்ஷன் வரைக்கும் கால் ஸ்டாக். அதற்கடுத்தது படித்தவருடையது: அதே முகவரி, அதே 8 பைட், வேறொரு சிபியு, கார்டு டிரைவரில் தொடங்கி எங்கள் பாக்கெட் வாங்கும் ஃபங்ஷன் வரைக்கும் ஸ்டாக். கடைசியாக, மதிப்பு மாறியது என்று ஒரு வரி: முன்பு ஒரு கெர்னல் முகவரி, இப்போது பூஜ்யம்.

அந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. டைமர் அந்த பாயின்டரை நல் ஆக்குகிறது. வாங்கும் பாதை அதே பாயின்டரை இரண்டு முறை படிக்கிறது, சோதிக்க ஒருமுறை, பயன்படுத்த ஒருமுறை. நடுவில் டைமர் புகுந்தால் சோதனை தேறிவிடும், பயன்பாடு விழுந்துவிடும். சாதாரண கெர்னலில் அந்த இடைவெளி சில நானோ செகண்ட். கேசிசான் அங்கே போய் நின்றதால் கதவு 20 மைக்ரோ செகண்ட் திறந்திருந்தது.

சரி, என்ன செய்வது? குழுவில் வந்த முதல் பேட்ச் ஒரே வரி. பாயின்டரை ரீட்_ஒன்ஸ்() மேக்ரோவால் ஒருமுறை படித்து உள்ளூர் மாறியில் வைத்துக்கொள், எழுதும் பக்கம் ரைட்_ஒன்ஸ்() போடு. போட்டால் புகார் நின்றுவிடும். நல் பாயின்டர் கிராஷும் நின்றுவிடும். சோதனைப் பட்டியல் முழுக்கப் பச்சை.

ஆனால் அந்தப் பிழை அப்படியே இருக்கிறது, இன்னும் மோசமான வடிவத்தில். வாங்கும் பாதை இப்போது பழைய பாயின்டரைப் பத்திரமாகக் கையில் வைத்திருக்கிறது. டைமரோ நல் எழுதியதும் எதிர்முனையின் கடைசி ரெஃபரன்ஸை (இன்னும் ஒருவர் பயன்படுத்துகிறார் என்ற கணக்கை) விட்டுவிடுகிறது, மெமரி விடுவிக்கப்படுகிறது. முன்னே சுத்தமாக விழுந்த இயந்திரம் இனி விழாது. விடுவித்த மெமரியில் எழுதிக்கொண்டு தொடர்ந்து ஓடும். கருவிக்கு அது தெரியாது, ஏனென்றால் "இந்த ஃபீல்டை ஒரே நேரத்தில் தொடுவது எனக்குத் தெரிந்தே நடக்கிறது" என்று ரீட்_ஒன்ஸ் மூலம் நாமே சொல்லிவிட்டோம்.

இது எங்கள் கோடுக்கு மட்டும் உரிய கதை அல்ல. கெர்னலின் வி-சாக் பகுதியில் வந்த சிவிஇ-2021-26708 என்ற பாதுகாப்பு ஓட்டை இதற்கு நல்ல பாடம். விர்ச்சுவல் மெஷினும் அதைத் தாங்கும் இயந்திரமும் பேசிக்கொள்ளும் சாக்கெட் அது. 2019 நவம்பரில் ஒரு சாக்கெட்டுக்குப் பல டிரான்ஸ்போர்ட்டுகள் (தரவைக் கொண்டுசெல்லும் அடுக்குகள்) வரலாம் என்று மாற்றினார்கள். அதுவரை மாறாத ஒன்றாக இருந்த டிரான்ஸ்போர்ட் பாயின்டர், இணைப்பு ஏற்படுத்தும்போது மாறக்கூடியதாக ஆயிற்று. ஆனால் ஐந்து ஃபங்ஷன்களில், சாக்கெட்டின் லாக்கை எடுக்கும் லாக்_சாக்() அழைப்பதற்கு முன்னாலேயே அந்தப் பாயின்டரை உள்ளூர் மாறியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு த்ரெட் சாக்கெட் அமைப்பை மாற்றும் செட்சாக்ஆப்ட் அழைத்து லாக்குக்காகக் காத்திருக்கும். இன்னொரு த்ரெட் லாக்குக்குள்ளே கனெக்ட் அழைத்து டிரான்ஸ்போர்ட்டை மாற்றி, பழையதன் தகவலை விடுவித்துவிடும். முதல் த்ரெட் லாக் கிடைத்ததும் கையிலிருக்கும் பழைய பாயின்டரோடு உள்ளே போகும். உரிமை இல்லாத பயனர் ரூட் ஆகிவிடும் அளவுக்கு அது போனது.

2021 தொடக்கத்தில் வந்த திருத்தம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள்: பாயின்டரை எடுக்கும் வரியை லாக்_சாக்() வரிக்குக் கீழே நகர்த்தினார்கள். அவ்வளவுதான். அந்த வரி மேலே இருந்த நிலையிலேயே அதற்கு ரீட்_ஒன்ஸ் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேசிசான் ஒரு வார்த்தை பேசியிருக்காது. ஓட்டை அப்படியே இருந்திருக்கும். புகாரைப் படிக்கும்போது நான் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இந்தப் படிப்பு அணுவாக (பிளவுபடாத ஒரே செயலாக) இருக்க வேண்டுமா, அல்லது இந்தப் படிப்பு லாக்குக்குள் இருக்க வேண்டுமா? இரண்டும் வெவ்வேறு கேள்விகள். கருவி முதல் கேள்வியை மட்டும்தான் கேட்கும்.

இதனால் ரீட்_ஒன்ஸே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சரியான விடையாக இருக்கும் இடங்கள் ஏராளம். நெட்வொர்க் சிஸ்கண்ட்ரோல் (sysctl) அமைப்பு மதிப்புகள் அப்படித்தான்: நிர்வாகி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பாக்கெட் பாதை லாக் இல்லாமல் படிக்கும், பழைய மதிப்பு கிடைத்தாலும் புதியது கிடைத்தாலும் சரி, ஒரே ஃபங்ஷனுக்குள் இரண்டு முறை படித்து இரண்டு வெவ்வேறு மதிப்பு மட்டும் கிடைக்கக் கூடாது. 2022-இல் டிசிபி, ஐபி பகுதிகளில் இப்படிப்பட்ட குறியீடுகள் வரிசையாகச் சேர்ந்தன. அவை அத்தனையும் நியாயமானவை. அங்கே யாரும் எதையும் விடுவிப்பதில்லை. ஓர் எண் மாறுகிறது, அவ்வளவே. பாயின்டர் வந்தாலோ, நிலை மாற்றம் வந்தாலோ கதை வேறு.

எங்கள் மாட்யூலுக்கு வருவோம். கடைசியில் போன திருத்தம் இணைப்பை மூடும் வரிசையையே மாற்றியது. கெடு முடிந்ததும் டைமர் ஃபங்ஷன் இப்போது எதையும் உடைப்பதில்லை. லாக்குக்குள் 'மூடப்படுகிறது' என்று நிலையை மாற்றிவிட்டு, மீதி வேலையை ஒரு வொர்க்க்யூவிடம் (வேலையைப் பின்னர் தனி த்ரெட்டில் ஓட்டும் வரிசையிடம்) ஒப்படைத்துவிடும். அந்த வேலை முதலில் இணைப்புகளைத் தேட உதவும் ஹாஷ் டேபிளிலிருந்து இணைப்பை எடுக்கும், இனிப் புதிதாக யாரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் டைமரை நிரந்தரமாக நிறுத்தும். எதிர்முனையின் மெமரியை விடுவிப்பது ஆர்சியு (லாக் இல்லாமல் படிக்க விடும் கெர்னல் முறை) தரும் காத்திருப்புக் காலமான கிரேஸ் பீரியட் முடிந்த பிறகுதான். அதற்குள் அதைப் படித்துக்கொண்டிருந்த வாங்கும் பாதைகள் எல்லாம் வெளியேறியிருக்கும்.

டைமரை நிறுத்துவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இணைப்புக் கோடில் இது பலரைக் கடிக்கிற இடம். டைமர் ஃபங்ஷன் ஓடி முடியும்வரை காத்திருந்து நிறுத்தும் பழைய அழைப்பு ஒரு விஷயத்துக்கு உத்தரவாதம் தராது: அது திரும்பிய மறுகணமே வாங்கும் பாதை ஒன்று 'பாக்கெட் வந்தது, கெடுவைத் தள்ளிப்போடு' என்று டைமரை மறுபடி ஓடவிட்டுவிடலாம். 6.2 பதிப்பில் வந்த டைமர்_ஷட்டவுன்_சின்க்() இதற்காகவே வந்தது. அதற்குப் பிறகு யார் ஓடவிட முயன்றாலும் டைமர் எழாது. ஆனால் அதையும் டைமர் ஃபங்ஷனுக்குள்ளிருந்தே அழைக்கக் கூடாது. தான் முடிவதற்காகத் தானே காத்திருந்தால் என்றைக்கும் முடியாது. வொர்க்க்யூ வந்த காரணம் அதுதான்.

ரெஃபரன்ஸ் கணக்குக்கு டிசிபி கோடிலேயே அழகான முன்மாதிரி இருக்கிறது. சாக்கெட் டைமரை ஓடவிடும் ஃபங்ஷனைப் பாருங்கள்: டைமர் ஏற்கெனவே ஓடாமல் இருந்து இப்போதுதான் ஓடத் தொடங்கினால் மட்டும் சாக்கெட்டின் ரெஃபரன்ஸ் ஒன்று கூடும். நிறுத்தும்போது, ஓடிக்கொண்டிருந்த டைமரை உண்மையாகவே நிறுத்தியிருந்தால் மட்டும் ஒன்று குறையும். ஓடும் டைமர் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ரெஃபரன்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டே வரி, ஆனால் டைமர் சாக்கெட்டைவிட அதிக நாள் வாழ்ந்துவிடும் என்ற பயத்தையே அது நீக்கிவிடுகிறது.

இனி, கேசிசானில் யாரும் அதிகம் பேசாத, ஆனால் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி. அசர்ட்_எக்ஸ்க்ளூசிவ்_ரைட்டர்(), அசர்ட்_எக்ஸ்க்ளூசிவ்_ஆக்சஸ்() என்று இரண்டு மேக்ரோக்கள். முதலாவது சொல்வது: இந்த நொடியில் இந்த ஃபீல்டை வேறு யாரும் எழுதக் கூடாது, படிக்கலாம். இரண்டாவது: யாரும் தொடவே கூடாது. இவற்றின் சிறப்பு, ரீட்_ஒன்ஸ், ரைட்_ஒன்ஸ் போட்ட அணுகல்களையும் இவை விட்டுவைப்பதில்லை. அதாவது டேட்டா ரேஸே இல்லாத, ஆனால் தர்க்கம் உடைந்த மோதலையும் பிடிக்கும். நான் மேலே சொன்ன ஒரு வரிப் பேட்ச் இருந்த கோடில், எதிர்முனையின் கடைசி ரெஃபரன்ஸ் விழும் இடத்தில் இந்த இரண்டாவது மேக்ரோவை அந்த எதிர்முனை ஸ்ட்ரக்சரின் மேல் வைத்துப் பார்த்தோம். வாங்கும் பாதை பழைய பாயின்டரோடு அங்கே நுழைவதைக் காட்டிக் கொடுத்தது. பேட்ச் ஏன் போதாது என்ற பேச்சு அதோடு முடிந்தது.

அதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. 'நிலை' ஃபீல்டை யார் எழுதலாம், எந்த லாக்குக்குள் எழுதலாம் என்பது அதுவரை எங்கள் தலைக்குள் மட்டும் இருந்தது. குறிப்பில் எழுதினால் கோடு மாறும்போது குறிப்பு பழசாகிவிடும். இந்த மேக்ரோ கோடோடு சேர்ந்து ஓடி, பொய்யானால் புகார் செய்யும். கேசிசான் இல்லாமல் கட்டினால் அது எந்தக் கோடாகவும் மாறாது, சுமையே கிடையாது. எங்கள் மாட்யூலில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் உரிமையாளர் யார் என்று உட்கார்ந்து தீர்மானிக்க வைத்தது இந்த மேக்ரோதான்.

கேசிசான் எட்டாத இடங்களையும் சொல்ல வேண்டும். டிசிபி நிலைபெற்ற இணைப்புகளைத் தேடும் கோடை எடுத்துக்கொள்வோம். அங்கே தேடும்போது லாக் கிடையாது, ஆர்சியு மட்டும். விடுவித்த சாக்கெட்டின் மெமரி கிரேஸ் பீரியட் வரை காத்திராமல் உடனே இன்னொரு புதிய சாக்கெட்டாக மறுபிறவி எடுக்கலாம். ஆகவே தேடுபவர் செய்ய வேண்டியது மூன்று. முகவரியும் போர்ட்டும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ரெஃபரன்ஸ் பூஜ்யமாக இல்லாவிட்டால் மட்டும் ஒன்று கூட்ட வேண்டும். கூட்டிய பிறகு, முகவரியும் போர்ட்டும் இன்னமும் பொருந்துகிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் அது வேறொருவரின் இணைப்பாக மாறியிருந்தால் விட்டுவிட்டு முதலிலிருந்து தேட வேண்டும். இன்னொரு நுணுக்கமும் உண்டு: நாம் நின்றிருந்த சாக்கெட் ஹாஷ் டேபிளின் வேறொரு சங்கிலிக்குப் போய்விட்டால் நாமும் அதோடு போய்விடுவோம். அதனால் ஒவ்வொரு சங்கிலியின் கடைசியிலும் அதன் எண் எழுதப்பட்டிருக்கும். முடிவுக்கு வந்தவர் தான் தொடங்கிய சங்கிலியில்தான் முடித்தாரா என்று அந்த எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்வார்.

அந்த மூன்றாவது படியை, கூட்டிய பிறகு செய்யும் மறுசோதனையை, ஒருவர் எழுத மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ரெஃபரன்ஸ் அணுச் செயல். அதைப் பற்றி கேசிசானுக்கு ஆட்சேபம் இல்லை. மெமரியும் எப்போதும் ஏதோ ஒரு சாக்கெட்டாகத்தான் இருக்கிறது. சாதாரண அமைப்பில் கேசானும் புகார் சொல்லாது. ஆனால் பாக்கெட் தவறான இணைப்புக்குப் போய்ச் சேரும். இந்த வகைக்கு ஆள் உட்கார்ந்து படிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தூக்கத்திலிருந்து எழுப்பத் தவறும் பிழையும் அப்படியே. தரவுக்காகக் காத்திருக்கும் போல் (poll) அழைப்பைச் செய்தவர் காத்திருப்போர் வரிசையில் தன் பெயரைச் சேர்த்துவிட்டுத் தரவு வந்ததா என்று பார்க்கிறார். பாக்கெட் கொண்டுவந்தவர் தரவை வைத்துவிட்டு வரிசையில் யாராவது உண்டா என்று பார்க்கிறார். சிபியு தன் எழுத்தைத் தாமதித்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே போகலாம். ஒருவர் என்றென்றும் தூங்குவார். இரண்டு பக்கமும் மெமரி பாரியர் (அணுகல்களின் வரிசை மாறாமல் காக்கும் தடை) வேண்டும். 2009-இல் அதற்கான திருத்தம் சாக்கெட் கோடில் சேர்ந்தது, சாக்கெட் ஹெடர் கோப்பில் இந்த மோதலைப் படம் போட்டு விளக்கும் கமென்ட் இன்றும் இருக்கிறது. கேசிசானும் 5.17 பதிப்பிலிருந்து விடுபட்ட பாரியர்களில் ஒரு பகுதியைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் அணுகல் தாமதமாவதை மட்டும்தான் அதனால் நடித்துக் காட்ட முடியும், முன்கூட்டியே நடப்பதை முடியாது. இரண்டு பக்கமும் குறியிட்ட அணுகல்களாக இருந்தால் அது பேசவே பேசாது.

அமைப்பு விஷயத்தில் நெட்வொர்க்காரர்கள் கட்டாயம் மாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது. இயல்பு நிலையில், டாஸ்க் காவல் வைத்துக் காத்திருக்கும் நேரத்தில் அந்த சிபியுவில் இன்டரப்ட் அடைக்கப்பட்டிருக்கும். அதாவது சிஸ்டம் கால் பாதையும், அதே சிபியுவில் அதைக் குறுக்கிட்டு ஓடும் சாஃப்ட்-ஐஆர்க்யூவும் மோதுவது கண்ணில் படாது. நம் கோடில் பாதி வாழ்க்கையே அங்கேதான். கேசிசான்_இன்டரப்ட்_வாட்சர் என்ற ஆப்ஷனை இயக்குங்கள், அல்லது ஸ்ட்ரிக்ட் நிலையில் கட்டுங்கள், அது தானாக இயங்கும்.

மாட்யூல் சிறியது என்றால் 4000 என்ற இடைவெளியும் அதிகம். கெர்னலின் மற்ற பகுதிகள் எல்லாக் காவலையும் எடுத்துக்கொண்டு, உங்கள் கோடுக்கு எப்போதோதான் முறை வரும். ஓடும்போதே சிஸ்எஃப்எஸ் (கெர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் /sys) வழியாக அந்த எண்ணைக் குறைக்கலாம், காத்திருக்கும் நேரத்தைக் கூட்டலாம். மற்ற பகுதிகளின் புகார்கள் தொந்தரவாக இருந்தால் அதே போன்ற, பிழைதேடலுக்கான டீபக்எஃப்எஸில் உள்ள கேசிசான் கோப்பில் உங்கள் ஃபங்ஷன் பெயர்களை எழுதி, அவற்றை மட்டும் காட்டு என்று சொல்லிவிடலாம். இயல்பாக, ஒரே மோதலின் புகார் 3 செகண்டுக்கு ஒருமுறைக்கு மேல் திரும்ப வராது, அதை மாற்ற எனக்குத் தேவை வந்ததில்லை.

'எங்கிருந்தோ வந்த மோதல்' என்ற வகைப் புகார் வந்தால் அலட்சியம் செய்ய வேண்டாம். மதிப்பு மாறியது, ஆனால் மாற்றியவரைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கம்பைலர் அழைப்பு செருகாத கோடாக இருக்கலாம், நெட்வொர்க் கார்டு டிஎம்ஏ மூலம் நேரடியாக எழுதியதாகவும் இருக்கலாம். டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இரண்டாவது சாத்தியம் மிக முக்கியமானது. கார்டு எழுதி முடிப்பதற்கு முன்பே டிஸ்கிரிப்டரை (பாக்கெட் பற்றிய விவரப் பதிவை) படித்துவிட்டோம் என்பதற்கான தடயமாக அது இருக்கக்கூடும்.

யாருக்கு இது வேண்டாம்? மெதுவான, ஒரே கோர் உள்ள சின்னப் பலகையில் சோதிக்கிறவர்களுக்குப் பலன் குறைவு. பெரும்பாலான மோதல்களுக்கு இன்னொரு சிபியு வேண்டும். சுமை கொடுக்கும் நல்ல சோதனை இல்லாதவர்களும் முதலில் அதை எழுதட்டும், ஏனென்றால் ஓடாத பாதையை இது ஒருபோதும் பார்க்காது. இணைப்புகளைத் திறப்பதையும் மூடுவதையும் பல த்ரெட்களில் இடைவிடாமல் செய்து, நடுவே செட்சாக்ஆப்ட், போல் (poll) அழைப்புகள் எல்லாம் கலந்து அடிக்கும் ஒரு சின்ன நிரல் இருந்தால் போதும். சிஸ்டம் கால்களைத் தானாக உருவாக்கிக் கெர்னலைச் சோதிக்கும் சிஸ்காலர் தெரிந்தவர்கள் அதையே கேசிசான் கெர்னலின் மேல் ஓட்டலாம்.

எங்கள் கிளையில் இப்போது ஒவ்வொரு இரவும் இரண்டு கெர்னல்கள் கட்டப்படுகின்றன, ஒன்று கேசானோடு, ஒன்று கேசிசானோடு. ரீட்_ஒன்ஸ் புதிதாகச் சேர்க்கும் பேட்ச் வந்தால், அந்த ஃபீல்டை எழுதுபவர் யார், படித்த மதிப்பு எதுவரை செல்லுபடியாகும் என்று பேட்ச் விளக்கத்தில் இரண்டு வரி கேட்கிறோம். அந்த இரண்டு வரியை எழுத முடியாமல் திரும்பிப் போன பேட்ச்களில் சில, லாக்கை இடம் மாற்றும் பேட்ச்களாகத் திரும்பி வந்திருக்கின்றன.